புத்தகத்தோடு ஓர் ஆளும் வரட்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இணையவழி வாசிப்புக் குழு ஒன்றை நடத்துகிறீர்கள். முப்பது பேர், மாதம் ஒரு புத்தகம். ஆறு தலைப்புகளைக் குழுவில் போட்டு வாக்கெடுப்பு வைக்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வாக்களிக்கிறார்கள், முடிப்பவர்கள் ஐந்தாறு பேர்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் "இந்த மாதம் முடியலைங்க, அடுத்த மாதம் கட்டாயம்" என்று வரிசையாகச் செய்திகள் வருகின்றன. புத்தகத் தேர்வில் கோளாறா, ஆட்களின் வாசிப்புப் பழக்கத்தில் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இரண்டிலும் உண்டு. ஆனால் பழக்கம் அவரவர் வீட்டுக்குள் நடப்பது, தேர்வு உங்கள் கையில் இருப்பது. அதனால் தேர்விலிருந்து தொடங்குகிறேன். இப்படியொரு குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன், அதில் ஆறு ஆண்டுகள் பொறுப்பாளராக. கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கே செய்துபார்த்துத் தெரிந்துகொண்டவை.

வாக்கெடுப்பில் ஆட்கள் எதைத் தொடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நெடுநாளாக "வாசிக்கணும், வாசிக்கணும்" என்று மனதில் வைத்திருக்கும் புத்தகத்தைத் தொடுவார்கள். அந்த ஆசை உண்மையானது. ஆனால் இன்றிரவு பத்து மணிக்குக் களைப்போடு உட்காரும்போது கை எடுக்கும் புத்தகம் அதுவாக இருப்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு முறை பெரும் பெயர்பெற்ற, அறுநூறு பக்க நாவல் ஒன்று அமோக வாக்குகளோடு வென்றது. முடித்தவர்கள் மூன்று பேர். அந்த மூவருமே அதை ஏற்கெனவே வாசித்தவர்கள்.

கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு, ஆறு புத்தகங்கள் என்றால் முப்பது வாக்குகள் 8, 7, 6, 4, 3, 2 என்று சிதறும். எட்டு வாங்கியது வெற்றி. மீதி இருபத்திரண்டு பேர் வேறு எதையோ கேட்டவர்கள், அவர்களில் பலருக்கு வென்ற புத்தகத்தின் மேல் துளி ஆர்வமும் இல்லாமல் இருக்கலாம். ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில், பெரும்பாலோர் கடைசி இடத்தில் வைக்கும் ஒன்றுகூட வென்றுவிட முடியும் என்பதை 1770-இலேயே பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் எடுத்துக்காட்டினார் போர்டா என்ற கணித அறிஞர். வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுக்கும் முறையை அதற்கு மாற்றாக முன்வைத்தார். வாசிப்புக் குழுவுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். "இவற்றில் எவையெல்லாம் வந்தால் நீங்கள் வாசிப்பீர்கள்? எத்தனை வேண்டுமானாலும் தொடலாம்" என்று கேளுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலுமே ஒருவர் பல விடைகளைத் தொடும் வசதி இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்திலேயே, சிலருக்கு வெறியாகவும் மற்றவர்களுக்குச் சுமையாகவும் இருக்கும் புத்தகங்கள் பின்தங்கி, பலருக்கும் ஒத்துவரும் புத்தகம் மேலே வரும்.

ஆனால் வாக்கு முறையை மாற்றுவது பாதி வேலைதான். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு: தலைப்பை மட்டும் வாக்கெடுப்பில் போடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்தோடும் ஓர் ஆள் வரட்டும். அந்த ஆள் அதைக் கடைசிப் பக்கம்வரை வாசித்திருக்க வேண்டும். "கேள்விப்பட்டேன், நல்லா இருக்காம்" என்பதற்கு எங்கள் குழுவில் இப்போது இடமில்லை. முன்மொழிபவர் ஐந்தாறு வரி எழுதுவார்: எங்கே தன்னைப் பிடித்து இழுத்தது, எந்த இடத்தில் சலித்தது, யாருக்கு இது பிடிக்காமல் போகலாம், எத்தனை பக்கம், எந்த வடிவங்களில் கிடைக்கிறது. அதோடு தனக்குப் பிடித்த ஒரு பத்தியை வாசித்து, இரண்டு நிமிடக் குரல் பதிவாகப் போடுவார். அந்தக் குரல் பதிவு செய்யும் வேலையை எந்த மதிப்புரையும் செய்ததில்லை. ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தில் சற்றே நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வாக்கியத்துக்குப் போவதைக் கேட்டால், நமக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும்.

எங்கே சலித்தது என்பதைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "முதல் நாற்பது பக்கம் மெதுவாகப் போகும், ஊரையும் உறவுகளையும் விரித்துக்கொண்டே இருப்பார், ஐம்பதாம் பக்கத்தில் ஒரு மரணம் வரும், பிறகு நிறுத்த மாட்டீர்கள்" என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், முப்பதாம் பக்கத்தில் திணறுபவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளாமல் தொடர்வார். பாதியில் விடுபவர்களில் பலர் புத்தகம் மோசம் என்று விடுவதில்லை. "எனக்கு மட்டும்தான் ஏறமாட்டேங்குது" என்ற எண்ணத்தில் விடுகிறார்கள்.

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்டார் எஸ். ஆர். ரங்கநாதன். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். முதலில் பார்க்கும்போது ஒன்றையே திருப்பிச் சொன்னதுபோல் தோன்றும். குழு நடத்திய பிறகுதான் அந்த மூன்றாம் விதியின் கனம் எனக்குப் புரிந்தது. நூல் தானாக வாசகரைத் தேடிப் போகாது, இடையில் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நூலகத்தில் அது நூலகரின் வேலை. குழுவில் அது முன்மொழிபவரின் வேலை. அவர் வாக்கெடுப்போடு ஒதுங்கிவிடாமல் அந்த மாதம் முழுக்க அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பேற்பார்: வாரம் ஒரு கேள்வி போடுவார், தயங்குபவரைத் தனியே விசாரிப்பார், கூட்டத்தை அவரே நடத்துவார். பொறுப்பாளரான உங்கள் சுமையும் இதனால் குறையும். ஒரே ஆள் எல்லா மாதமும் எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் முதலில் களைப்பார், பிறகு குழு களைக்கும்.

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். ஐந்தாறு முன்மொழிவுகள் வரட்டும், அதிக விருப்பம் பெற்ற மூன்றை எடுத்து மூன்று மாதத்துக்கும் அறிவித்துவிடுங்கள். புத்தகம் தேடி வாங்கவும், நூலகத்தில் முன்பதிவு செய்யவும் ஆட்களுக்கு நேரம் கிடைக்கும். முதல் தேதி அறிவித்து அதே மாதக் கடைசியில் கூட்டம் என்றால், புத்தகம் கைக்கு வருவதற்கே பத்து நாள் போய்விடும்.

எந்த மாதிரிப் புத்தகம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். நல்ல புத்தகம் எல்லாமே நல்ல உரையாடலைத் தராது. எல்லோருக்கும் ஒரே காரணத்துக்காகப் பிடித்துப்போன ஒரு நூலைப் பற்றி எங்கள் கூட்டம் இருபத்தைந்தே நிமிடத்தில் முடிந்தது. "அருமை", "ஆமாம், அருமை", அதற்கு மேல் சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. தனியாக வாசித்து மகிழ வேண்டிய நூல் அது. நான் முன்மொழிவுகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: இதில் வரும் ஒரு முடிவைப் பற்றி நியாயமான இரண்டு பேர் சண்டை போட முடியுமா? ஒரு பாத்திரம் வீட்டை விட்டுப் போனது சரியா, ஒரு ஆசிரியர் தன் தரவுகளிலிருந்து எட்டிய முடிவு தாங்குமா, கடைசி அத்தியாயம் தேவைதானா. அப்படி ஒரு பிளவு இருந்தால் ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது.

மொழிபெயர்ப்பு நூல்களை அவ்வப்போது சேருங்கள். சிலர் மூலத்திலும் சிலர் மொழிபெயர்ப்பிலும் வாசித்து வந்தால், ஒரே பத்தியை இரண்டிலும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் எவ்வளவு ஈடாகிறது என்று பேசத் தொடங்கினால், அதுவரை வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். சிறுகதைத் தொகுப்பு என்றால் முழுத் தொகுப்பையும் எடுக்க வேண்டியதில்லை. நான்கு கதைகளைக் குறிப்பிட்டுக் கொடுத்தால் போதும்.

இப்போது பக்கக் கணக்கு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆங்கிலத்தில் மனதுக்குள் வாசிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்குப் புனைவல்லாத நூல்களில் 238 சொற்கள், புனைவில் 260 சொற்கள் என்று தெரிந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு வருபவை, ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எடுக்கவும் வேண்டாம். உங்கள் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்: இந்த மாதப் புத்தகத்தில் பத்துப் பக்கம் வாசியுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எனக்குத் தமிழ் நாவல் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. நாளுக்கு இருபது நிமிடம் என்றால் பத்துப் பக்கம். 250 பக்க நாவல் இருபத்தைந்து நாளில் முடியும், மாதத்தில் ஐந்து நாள் தப்பினாலும் தாங்கும். 320 பக்கம் என்றால் முப்பத்திரண்டு நாள், ஒரு நாள்கூடத் தவறாமல் வாசித்தாலும் மாதத்துக்குள் முடியாது! குழுவில் பாதிப் பேர் தோற்றது ஒழுக்கக் குறைவால் அல்ல, பெருக்கல் கணக்கால்.

அதனால் மாதப் புத்தகத்துக்கு 250 பக்கம் என்று ஒரு வரம்பு வையுங்கள். பெரிய நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை, பிரித்துக்கொள்ளுங்கள். 900 பக்க நாவலுக்கு இதே பத்துப் பக்கக் கணக்கில் தொண்ணூறு நாள், மூன்று கூட்டங்கள். சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் 1836, 1837-இல் மாதாமாதம் சிறு பகுதிகளாகத்தான் வாசகர் கைக்குப் போனது. பெரிய கதையைக் காத்திருந்து, ஊகித்து, பேசிப் பேசி வாசிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. இறுதிப் பகுதி வரும்போது அந்தப் பாத்திரங்களோடு மூன்று மாதம் வாழ்ந்திருப்பீர்கள்.

பிடிஎஃப் விஷயத்தில் கறாராக இருங்கள். உரிமை உள்ள நூலின் திருட்டுப் பிரதியை ஒருவர் குழுவில் போட்டால் உடனே நீக்குங்கள். எழுதியவரைக் கொண்டாடுவதற்கென்று கூடிய இடத்திலேயே அவருடைய வருமானத்தைப் பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாங்க இயலாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது, உறுப்பினர்களுக்குள் இரவல் இருக்கிறது. காப்புரிமை முடிந்த நூல்கள் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்திலும், தமிழுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மாதமாவது அங்கிருந்து எடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், மின்னூலில் பக்க எண்ணே இருக்காது. எனவே குழுவில் எப்போதும் அத்தியாய எண்ணைச் சொல்லியே பேசுங்கள். "12-ஆம் அத்தியாயம் வரை" என்று முதல் வரியில் போட்டுவிட்டுக் கருத்தை எழுதினால், அதுவரை வராதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், கதை உடைந்தது என்ற மனத்தாங்கலும் வராது.

அச்சா, திரையா என்ற வாதம் உங்கள் குழுவிலும் வரும். 2018-இல் டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள், பங்கேற்றவர்கள் 1,70,000-க்கும் மேல். தகவல் நூல்களில் அச்சில் வாசித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதல், கதை வடிவிலான எழுத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நாவலைக் கைப்பேசியில் வாசிப்பவரைக் குறை சொல்ல வேண்டாம். வரலாறு, அறிவியல் நூல்கள் வரும் மாதத்தில் முடிந்தவர்கள் அச்சில் வாசிக்கட்டும். ஒலிநூல் கேட்பவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழக்கத்துக்கு வருகிறேன். "இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும்" என்று உங்கள் உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள், இருபத்திரண்டாம் நாள் ஆகாதபோது கைவிட்டிருப்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று மதிப்பிட்டார்கள். இன்னொன்றும் அதில் தெரிந்தது: ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. குழுவில் இதைச் சொல்லிவையுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனவர் "இந்த மாதம் போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் மாதத்தைக் கெடுக்கிறது, விட்டுப்போன இரண்டு நாளல்ல.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தாங்கள் தேர்ந்த செயலை அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒன்றோடு இணைத்துக்கொண்டார்கள். வாசிப்பையும் அப்படியே கட்டிவைக்கலாம். "நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்" என்பவருக்கு நேரம் கிடைக்காது. "இரவு பல் துலக்கியதும் பத்துப் பக்கம்", "பேருந்தில் உட்கார்ந்ததும் பத்துப் பக்கம்" என்பவருக்குக் கிடைக்கும். எங்கள் குழுவில் இரவு ஒன்பதரைக்கு ஒரு காணொளி அறை திறக்கும். யாரும் பேசுவதில்லை. ஒலியை அடைத்துவிட்டு, அவரவர் புத்தகத்தை அவரவர் வாசிப்பார்கள். நாலு பேர் வருவார்கள், சில நாள் எட்டுப் பேர். ஒரு சின்னச் சதுரத்துக்குள் யாரோ பக்கம் புரட்டுவது கண்ணோரத்தில் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கைப்பேசியை எடுத்து வேறு எங்கோ போகத் துடிக்கும் விரலை அது நிறுத்திவிடும்.

மாதத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, கூட்டத்தில் பாத்திரத்தின் பெயர்கூட நினைவில்லாமல் தடுமாறுபவர்கள் இன்னொரு வகை. திரும்ப ஒரு முறை புரட்டுவதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது உதவும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நினைவு கூடுதலாக இருந்தது. ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் மூன்றே வரி: என்ன நடந்தது, எது உறுத்தியது, அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் அந்த மூன்றாவது வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தவறிப்போன ஊகங்கள் பேச்சுக்கு அருமையான தொடக்கம்.

பாதியில் விடுவதற்கும் இடம் கொடுங்கள். சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொன்னார்: ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் ஐம்பது பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு விடலாம், அதற்கு மேற்பட்டவர் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணிக்கை வரை வாசித்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம். விட்டவர் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கே விட்டோம், ஏன் விட்டோம் என்பதும் வாசிப்பு அனுபவம்தான்.

கடைசியாகக் கூட்டம். எட்டுப் பேருக்கு மேல் வந்தால் முதல் அரைமணி நேரம் நாலைந்து பேராகப் பிரித்துவிடுங்கள், ஜூமில் அதற்கு வசதி உண்டு. "எப்படி இருந்தது?" என்று மட்டும் தொடங்காதீர்கள். ஒரு பத்தியைக் காட்டித் தொடங்குங்கள். எங்கள் கூட்டம் ஒன்றில் பதினான்கு பேர், எல்லோரும் மியூட்டில், எவரும் தொடங்கவில்லை. முன்மொழிந்தவர் ஒரு பத்தியை உரக்க வாசித்தார். மகன் எழுதிய கடிதம் வருகிறது, அப்பா அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார், நாவல் முழுக்கப் பிரிப்பதில்லை. ஏன்? கோபம் என்றார் ஒருவர். பயம் என்றார் இன்னொருவர், பிரித்தால் மகன் வரமாட்டான் என்பது உறுதியாகிவிடும் என்ற பயம். இருவரும் மாறி மாறிப் பத்திகளை எடுத்துக்காட்ட, இருபது நிமிடம் போனது. அப்போது, வந்ததிலிருந்து கேமராவைக்கூட இயக்காத ஓர் அம்மா, "நான் நாலாவது அத்தியாயம் வரைதான் வாசிச்சேன், சொல்லலாமா?" என்று கேட்டார். "மூணாவது அத்தியாயத்துல அவர் பத்திரத்துல கைநாட்டு வைக்கிறாரே. அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது படிச்சுக் காட்டச் சொன்னா, மகன் எழுதினது அவங்களுக்கும் தெரிஞ்சுபோயிடும்."

பக்கங்கள் சரசரவென்று புரளும் சத்தம் பல ஒலிவாங்கிகளில் ஒன்றாகக் கேட்டது. கைநாட்டு அங்கே இருந்தது. முழுதும் வாசித்த நாங்கள் பதிமூன்று பேரும் அதைத் தாண்டிப் போயிருந்தோம்.

அந்த வாரத்திலேயே மீதியையும் வாசித்து முடித்ததாக அவர் எழுதினார். அடுத்த மூன்று மாதங்களுக்கு வந்த முன்மொழிவுகளில் ஒன்று அவருடையது, இரண்டு நிமிடக் குரல் பதிவோடு.